பூவாடைக்காரி தங்கிய குடில்

முதல் குடிலைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அங்கே குடும்பத்தோடு தங்கியிருந்த சகாயராஜ் அருணாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"அந்த அக்கா இல்லீங்களா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு பாத்தேன். கேக்காமலே வெந்நீர் புடிச்சு வெச்சாங்க. எங்க பொண்ணுக்குப் போர்வ போத்திவுட்டு, தூங்குற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தாங்க."

"எந்த அக்கா?"

"மஞ்சப் பொடவ கட்டிக்கினு இருந்தாங்களே."

செஞ்சிக்கு வடக்கே, பாறைக்குன்றும் முள்காடும் சூழ்ந்த அந்த இடத்தில் குடில்களைப் பெருக்கித் துடைத்து, மெத்தை உறை மாற்றி, வருகிறவர்களுக்கு வடித்துக் கொட்டுகிறவள் அருணா ஒருத்திதான். ஓடாய்த் தேய்வது இவள், நல்ல பெயர் எவளுக்கோ. கார் மண்பாதையில் இறங்கி மறைந்த பிறகும் அவள் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

முதலில் புருஷன் ஜெகதீசன் மேல்தான் சந்தேகம் வந்தது. எவளையாவது கொண்டுவந்து வைத்திருக்கிறானா? இருக்காது, அந்த மனுஷனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. பிறகுதான் செத்துப்போன மூத்தாள் வெள்ளையம்மாளின் நினைப்பு வந்தது. அவள் வைத்த குழம்பு, அவள் போட்ட கோலம், அவள் சிரித்த சிரிப்பு என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அருணாவுக்குக் காது புளித்திருந்தது. உயிரோடு இருப்பவளென்றால் குடுமியைப் பிடிக்கலாம். செத்தவளை என்ன செய்வது?

குடில்களைத் திறந்த அன்று அவளைத்தான் பூவாடைக்காரியாகக் கும்பிட்டார்கள். தாலியோடு போன பெண்ணைக் கிணற்றடியில் கலசத்தில் அழைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய்ப் புதுப்புடவை வைத்துப் படைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். கலசத்தைச் சுமந்து வந்த அருணா வீட்டு வாசலைத் தாண்டி நேராக முதல் குடிலுக்குள் நுழைந்து, அங்கேயே இறக்கி வைத்துவிட்டாள்.

ஜெகதீசன் பதறினான். "ஊட்டுக்குக் கூப்புட்டவள வேற எடத்துல எறக்கறியே!"

"என் ஊட்டுக்குள்ள அவ வரக் கூடாது. இங்க மெத்த, ஏசி எல்லாம் இருக்குது. அவளுக்கு இன்னா கொறச்சல்?"

மஞ்சள் புடவையை அங்கேயே வைத்துப் படைத்தார்கள்.

சகாயராஜ் கிளம்பிப் போன அன்று சாயங்காலம் ஜெகதீசன் புது விருந்தாளிகளை அழைத்துவரத் திண்டிவனம் போயிருந்தான். மழை மூட்டத்தில் சீக்கிரமே இருட்டிவிட்டது. பேயோ பெண்ணோ, கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அருணா முதல் குடிலுக்குள் போய், விளக்கைப் போடாமல், மெத்தையில் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

ஓட்டிலிருந்து சொட்டிய தண்ணீரின் சத்தமும், மலைப்பக்கம் எங்கோ மயில் அகவியதும், ஈரமண்ணின் மணமும் ஒன்றாகக் கலந்து வந்துகொண்டிருந்தபோது, அவற்றுக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை, ஒருதரமும் தண்ணீரில் நனைக்காத புதுப்புடவையின் கஞ்சி வாசனை, மெல்ல மெல்ல அறை முழுக்க ஏறியது. குளியலறையில் வாளி நிறையும் சத்தம் கேட்டது. அருணா குழாயைத் திறக்கவில்லை.

எழுந்து கத்த வேண்டும் என்று நினைத்தாள். உடம்பு எழவில்லை.

புடவை சரசரத்தது. கட்டிலைச் சுற்றி வந்தது. நின்றது.

ஒரு கை போர்வையைக் கழுத்துவரை ஏற்றி, ஓரங்களைச் செருகியது. குளிர்ந்த கை. நெற்றியைப் பிடித்துவிட்டது. பெற்ற தாய்கூட அருணாவுக்கு அப்படிப் பிடித்துவிட்டதில்லை. அந்தப் பயத்திலும் அவளுக்குப் பொறாமைதான் முந்திக்கொண்டு வந்தது. இவளுடைய கை என் கையைவிட நல்ல கை.

"ரொம்ப அலுத்துட்ட. தூங்கு," என்றது குரல். "மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

இடுப்பிலிருந்து கொத்துச்சாவி உருவப்பட்டது. கதவு திறந்தது. மூடியது. பூட்டு விழுந்தது.

ஜீப் சத்தம் கேட்டபோதுதான் கால்கள் அசைந்தன. அருணா ஜன்னலுக்குப் பாய்ந்தாள். எதிரே வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது.

"அருணா! ஜல்தி வா, வந்துட்டாங்க பாரு!" ஜெகதீசன் கூப்பிட்டான்.

"தோ வர்றேங்க!"

அது அருணாவின் குரல். அருணா வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள். அருணாவின் புடவை, அருணாவின் நடை. ஜெகதீசன் அவளைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவன் அருணாவுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை.

அருணா ஜன்னல் கண்ணாடியை ஓங்கி ஓங்கி அடித்தாள். சத்தம் வரவில்லை.

வந்திறங்கிய அம்மாள் முதல் குடிலைக் காட்டிக் கேட்டாள்: "அந்த ரூம் காலியா இருக்குதுங்களா?"

அருணாவின் புடவையில் இருந்தவள் நிதானமாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அருணாவின் முகம்.

"இல்லீங்க. அங்க ஒருத்தவங்க தங்கிக்கினு இருக்காங்க," என்றாள். ஜெகதீசனின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.