மேஜை எண் ஒன்று, காபி இரண்டு

பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒருவன் கடைக்குள் நுழைந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்சவேணிக்கும் வந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள். அடுத்த நொடி அந்தப் பெட்டியின் முனை அவளுடைய காபி டம்ளரை இடித்துக் கவிழ்த்தது. புது வாயில் புடவையில் காபி வழிந்ததும், சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"கண்ணு தெரியாதுங்களா?"

"அரே... ஸாரி மேடம், ஸாரி! உள்ள கம்ப்யூட்டர் இருக்கு. நனைஞ்சா வேலை போயிடும்."

"கம்ப்யூட்டரோட வேலையா, உங்க வேலையா?"

"ரெண்டும்தான்..."

அப்பாவியாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தான். நனைந்த இமைகளுக்குள் பெரிய, பயந்த கண்கள்... திட்ட வாயெடுத்த அம்சவேணி, எதற்காகத் திட்ட வந்தோம் என்பதையே மறந்துபோனாள். சே, என்ன இது!

எண்பத்தெட்டாம் வருஷத்து ஜூலை மழை அது. டெல்லி ஆர்.கே.புரம் மார்க்கெட்டில் 'அமராவதி டிபன் ரூம்' என்றால் ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் தெரியும். ஒன்பது மேஜை. மதியக் கூட்டத்தில் சப்ளையர் வடிவேல் கத்துவது ஒன்று, சரக்கு மாஸ்டர் மாணிக்கவாசகத்தின் காதில் விழுவது இன்னொன்று. ஊத்தப்பம் கேட்டவருக்கு உப்புமா போகும். கம்ப்யூட்டர் பில்லிங் வைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, அவள் அப்பா செல்வராஜ் இரண்டு கம்பெனிகளை வரச்சொல்லியிருந்தார். முதல் கம்பெனியின் மெஷின் பில் மட்டும் அடிக்கும். ஒரு வாரம் வைத்துப் பார்த்தாயிற்று. இது இரண்டாவது.

மூட்டு வைத்தியத்துக்குக் கரூர் போயிருந்த அப்பா போனில், "சனிக்கிழமைக்குள்ள ரெண்டுல ஒண்ணை நீயே முடிவு பண்ணு சாமி. உன் இஷ்டம்" என்றிருந்தார்.

உன் இஷ்டம்! இருபத்துநாலு வயதில் அந்த வார்த்தையை அவள் கேட்டது அதுவே முதல் தடவை. படித்த படிப்பும், உட்கார்ந்திருக்கும் கல்லாவும், ஏன், காபி கொட்டிய அந்தப் புடவையின் நிறமும்கூட அடுத்தவர் முடிவு செய்ததுதான்.

வந்தவன் பெயர் கல்யாணராமன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ். கல்லாவில் கம்ப்யூட்டரை வைத்தான். சுவரில் துளை போட்டு ஒயர் இழுத்து, சமையலறையில் சின்ன பிரிண்டர் ஒன்றை மாட்டினான்.

"நீங்க இங்க நம்பர் அடிச்சா, உள்ள சீட்டு வரும். கத்தவே வேணாம். பில்குல் சைலன்ட்!"

"உங்க தமிழ்ல தமிழைத் தேடணும் போல இருக்குதுங்களே..."

"நீங்க டெய்லி திட்டுங்க மேடம், கத்துக்கறேன்."

வடிவேல் தட்டுகளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி. கடை காலி. வெளியே மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. சமையலறையில் பிரிண்டர் கடகடவென்றது.

"அம்மிணி, நாலாம் மேஜைக்கு ரவா தோசை, வெங்காயம் வேண்டாம்னு வந்திருக்குதே. யாரு வந்தாங்க?" என்று எட்டிப் பார்த்தார் மாணிக்கவாசகம்.

யாரும் வரவில்லை. அம்சவேணி எதையும் அடிக்கவும் இல்லை.

ஐந்து நிமிஷம் கழித்து பஸ் வந்து நின்றது. ரிட்டையர்டு அண்டர் செக்ரட்டரி ஒருவர் இறங்கி வந்து, நாலாம் மேஜையில் உட்கார்ந்து, "ரவா தோசைப்பா... வெங்காயம் இல்லாம" என்றார்.

வடிவேலுக்கு ஒரு வழக்கம் உண்டு. தினசரி வருகிறவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அவருடைய ஆர்டரை உள்ளே சொல்லிவிடுவான். கேட்டபிறகு சொன்னால் அவனுக்கு மரியாதைக் குறைவு. அவன்தான் அடித்திருப்பான் என்று அவள் நினைத்தாள்.

"மருதமலையான் சத்தியமா நான் அதைத் தொடவே இல்லீங்கம்மிணி" என்றான் அவன்.

புதன்கிழமையும் அதே நாலு மணி. கடகட...

மாணிக்கவாசகம் சீட்டை எடுத்துக்கொண்டு தானே கல்லாவுக்கு வந்தார். 'மேஜை 9, தண்ணீர் 1' என்று இங்கிலீஷில் அச்சாகியிருந்தது.

அம்சவேணி வாசலையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். யாரென்று தெரியவில்லை. கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒன்பதாம் மேஜையில் உட்கார்ந்து, "பானி..." என்றாள். ஒரே மூச்சில் குடித்தாள். சத்தமில்லாமல் அழுதாள். எழுந்து போய்விட்டாள்.

அம்சவேணியின் பயம் கோபமாக மாற எவ்வளவு நேரமாகும்? கல்யாணராமன் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஆளை செட் பண்ணி அனுப்பிச்சு மெஷின் விக்கிறீங்களா? வெக்கமா இல்லீங்களா?"

அவன் முகம் செத்துவிட்டது.

"நான் விக்கறவன்தான் மேடம். ஏமாத்தறவன் இல்லை."

திரையில் ஒவ்வொரு வரியாகத் தேடினான். கடைசியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மேடம்... தண்ணிக்கு நீங்க பில் போடறதில்லை. அதனால நான் நம்பரே குடுக்கலை. அந்த வார்த்தையே இதுக்குள்ள கிடையாது. இது எப்படி...?"

அந்தக் கண்களில் இருந்தது நடிப்பில்லை. அவளைவிட அவன்தான் அதிகம் பயந்திருந்தான். பாவம் என்று தோன்றியது. அவசரப்பட்டுப் பேசிவிட்டோமே என்று ராத்திரியெல்லாம் புரண்டாள். மன்னிப்புக் கேட்கலாமா... சீச்சீ, நானாகப் போயா?

வியாழக்கிழமை மூன்றரை மணியிலிருந்தே அவள் கண் வாசலில் இருந்தது. வருவானா... கோபித்துக்கொண்டு வராமலே இருந்துவிடுவானா?

நாலு மணிக்குப் பிரிண்டர் ஓடியது. மாணிக்கவாசகம் சீட்டைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனார்.

'மேஜை 1, காபி 2, கல்யாணராமன், அம்சவேணி.'

படித்து முடிப்பதற்குள் அவன் வந்துவிட்டான். புதுச் சட்டை. ஒன்றாம் மேஜையில் உட்கார்ந்தான். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான்.

"ரெண்டு காபி சொல்லுங்களேன்... ஒண்ணு உங்களுக்கு. அன்னிக்குக் கொட்டினதுக்கு..."

ஒரு நொடி அவள் மனசு துள்ளியது. மறுநொடி கையிலிருந்த சீட்டு சுட்டது. இவனுக்காக வாசலைப் பார்த்ததும், துள்ளியதும்கூட என்னுடையது இல்லையா? முன்கூட்டியே எவனோ அச்சடித்துவிட்டானா? இதிலாவது என் இஷ்டம் என்று ஒன்று கிடையாதா?

சீட்டை அவன் முன்னால் வீசினாள்.

"இந்த மெஷின் எனக்கு வேண்டாமுங்க. மத்த கம்பெனிக்கே சொல்லிக்கிறேன். எடுத்துட்டுப் போயிடுங்க."

அவன் படித்தான். வெளுத்தான். கெஞ்சுவான் என்று அவள் உள்ளுக்குள் எதிர்பார்த்தாள். கெஞ்சவில்லை.

"அச்சா. சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்றான். "இதுவும் போச்சுன்னா டெல்லி பிராஞ்சை மூடறாங்க. என்னைக் கல்கத்தாவுக்குப் போகச் சொல்லியிருக்காங்க. உங்களைக் குத்தம் சொல்லலை... உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்."

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அவள் சோறு இறங்காமல் தட்டை நகர்த்தினாள். மலை மந்திர் கோயிலில் முருகன் முன்னால் போய் நின்றாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினான். கல்லாவிலிருந்த கம்ப்யூட்டரைப் பெட்டியில் வைத்துக் கட்டினான். சமையலறைக்குள் போனான். அம்சவேணியும் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றாள். மாணிக்கவாசகமும் வடிவேலும் கொல்லைப்பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கினான். சுருட்டிக் கையில் பிடித்தான்.

பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள். ஒயர் அவன் கையில்... கடகட, கடகட என்று நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. காகிதம் மேலே ஏறிக்கொண்டே வந்தது. இதுவரை வந்த எந்தச் சீட்டும் இத்தனை நீளமில்லை. அடுப்பின் தீ ஒருமுறை தாழ்ந்து எழுந்தது.

முழுசாக அச்சடித்துவிட்டுப் பிரிண்டர் அடங்கியது.

அவன் கை காகிதத்தை நோக்கி நீண்டது. அதற்குள் அவள் ஓடிப்போய்ப் பிய்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கசக்கினாள். அப்படியே அடுப்பில் போட்டாள்.

"மேடம்! அதுல என்ன இருந்தது?"

"தெரியாது. படிக்கலை."

"நம்மளைப் பத்தி..."

"இருக்கட்டுமுங்க. நடக்கப் போறது எனக்கு வேண்டாம். நீங்க சொல்றதுதான் வேணும்." அவள் குரல் உடைந்தது. "வியாழக்கிழமை என்ன சொல்ல வந்தீங்க? உங்க வாயால சொல்லுங்க... எனக்குத் தெரியாததைச் சொல்லுங்க."

அவன் ஒயரைக் கீழே போட்டான். தொண்டையைக் கனைத்தான். இவ்வளவு பெரிய கம்ப்யூட்டரை விற்க வந்தவனுக்கு இரண்டு வார்த்தை வரவில்லை!

"எனக்கு... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்காத்துல பெரிய ரகளை ஆகும். தெரியும். ஆனா நான் கல்கத்தா போகலை. காலைல ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். இங்கயே வேற வேலை தேடிக்கறேன். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் தேடிக்கறேன்... அவ்வளவுதான். வேற தமிழ் எனக்கு வரலை."

"எங்க வீட்டுல மட்டும் ரகளை ஆகாதுங்களா?"

கன்னத்தில் கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள் அம்சவேணி. எரிந்து முடிந்த காகிதத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கையைத் தானாகவே எட்டிப் பிடித்தாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் அப்பா போன் பண்ணுவாருங்க. எதை முடிவு பண்ணினேன்னு கேப்பாரு."

"என்ன சொல்லுவீங்க?"

"மெஷின் வேண்டாமுங்கப்பா... கொண்டுவந்தவரு வேணும்னு சொல்லுவேன்."