நல்லகாமன் கேட்ட துப்பாக்கி லைசென்ஸ்

1936 ஐப்பசி. காலை ஏழு மணி.

ஊர்த்தலைவர் கருத்தக்கண்ணனின் வேட்டை நாய்கள் இரண்டும் நல்லகாமனின் கடலைக்காட்டு வரப்பில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. பக்கத்தில் நல்லகாமனின் துண்டு. நக்கித் துடைத்த ஒரு வாழையிலை.

"கிறுக்கு திரும்பிருச்சுடா இவனுக்கு!" என்று கருத்தக்கண்ணன் கத்தியதும் நல்லகாமன் இரண்டடி பின்வாங்கினான். முன்பு ஒருமுறை, இதே சொல்லைச் சொல்லித்தான் அவனைக் கட்டிப் பட்டணத்துப் பைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குணமாகி வந்து, கலியாணம் முடித்து, இப்போதுதான் தலைநிமிர்ந்திருக்கிறான். காட்டுப்பன்றிகள் கடலையைக் கிண்டித் தின்றதால் துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தான். அதை விசாரிக்கப் போலீஸ் வருகிற நாள் பார்த்தா இது நடக்க வேண்டும்! லைசென்ஸ் போனால் போகிறது, மறுபடியும் கட்டிக் கொண்டுபோய்விட்டால்?

எட்டரை மணி. உசிலம்பட்டி இன்ஸ்பெக்டர் முகம்மது கனி சைக்கிளிலிருந்து இறங்கினார். அந்த இலையை எடுத்தார், முகர்ந்தார், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நல்லகாமனின் மனைவி முத்துத்தாய் மோர் கொடுத்தாள். "வெறும் மோருதாங்கய்யா. முத்தாலம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கு. திருவிழா முடியிற மட்டும் ஊருக்குள்ள கவிச்சியும் கிடையாது, தாளிப்பும் கிடையாது."

"போதும்மா." குடித்துவிட்டு நல்லகாமனிடம் திரும்பினார்.

"துண்டு?"

"என்னுதுதாங்கய்யா. நேத்து வேலியில காயப்போட்டேன்."

"ஆஸ்பத்திரியில இருந்ததை மனுவில நீயா எழுதச் சொன்னே?"

"ஆமாங்கய்யா. வேணாம்னுதான் எல்லாரும் சொன்னாக. நடந்தத எப்படிங்கய்யா மறைக்கிறது?"

இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்தார். "நாய்க்கு எதுல விஷம் வச்சிருப்பான்?"

"கூழுலயோ மோர்ச்சோத்துலயோ எட்டிக்கொட்டைய அரைச்சுக் கலந்திருப்பான்" என்றார் கருத்தக்கண்ணன்.

பக்கத்து ஊர் மொக்கைச்சாமி முன்னால் வந்தான். அந்த வட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். பன்றி சுடக் கூப்பிட்டால் கறியும் எடுத்துக்கொண்டு கடலையிலும் பங்கு கேட்பான். "கூழுக்கா வேட்டை நாய் வரும், அண்ணே? கருவாட்டுச் சோத்துக்குத்தான் ஓடியாரும். இந்தக் கிறுக்கன் கையில துப்பாக்கி கிடைச்சா நாளைக்கு மனுசனுக்கும் இதே கதிதான்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "சரியாச் சொன்னே. கருவாட்டுச் சோறுதான். இலை என் பையில இருக்கு. முகர்ந்தவன் நான் ஒருத்தன். உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

மொக்கைச்சாமி கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தான்.

"இந்த ஊர்க்காரங்களுக்குக் கருவாட்டு நெனப்பே வரலை. அவங்க பானையில இப்ப இருக்கிறது கூழும் மோரும்தான். இங்க எவன் அடுப்பிலயாவது கருவாடு வெந்திருந்தா தெருவே மணந்திருக்கும். காப்பு உன் ஊருக்குக் கிடையாது. உன் வீட்டுல வெந்த சோறு. வேலியில காஞ்ச துண்டையும் நீதான் எடுத்துப் போட்டிருக்கே. அதுதான் உனக்கு வினையாச்சு. இவனுக்கும் துப்பாக்கி வந்துட்டா உன்னை யார் தேடுவா?"

மொக்கைச்சாமி இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தான். "நாயோட முடிஞ்சுரும், இவனுக்கு லைசென்ஸும் கிடைக்காதுன்னுதாங்கய்யா நெனச்சேன்..." என்று அழுதான். கருத்தக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

நல்லகாமன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. "கொணமாயிருச்சுன்னு டாக்டரு சொன்னாரு, ஊரு நம்பல. இன்னைக்கு ஊருக்கு முன்னால என்னைய மனுசனாக்கிட்டீக. இன்னும் ஒண்ணே ஒண்ணுங்கய்யா. தோட்டா மட்டும் என் பொஞ்சாதிகிட்ட இருக்கட்டும்னு எழுதிருங்க. எனக்குத் தூக்கம் கெட்டா மொதல்ல தெரியிறது இவளுக்குத்தான்."

இன்ஸ்பெக்டர் மனுவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். "துப்பாக்கி கேக்க வர்றவன் எவனும் இம்புட்டு யோசிக்கிறதில்லப்பா" என்றார்.

தை மாதம் நல்லகாமன் தல்லாகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போய் லைசென்ஸை வாங்கி வந்தான். ஒரு நாள் அந்தி சாயும் நேரம், வாசலில் கருத்தக்கண்ணனின் குரல் கேட்டது. "மாப்ள, என் காட்டுல பன்னி இறங்கிருச்சு. துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வாரியா?"

முத்துத்தாய் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் தோட்டாப் பெட்டியைத் திறந்தாள். நல்லகாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உசிலம்பட்டி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"இந்தா வாரேன் மாமா" என்றான்.