இலை துடைக்கும் உரிமை

வியாழக்கிழமை என்றால் காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டு ஜெரினா துணியும் கையுமாக வந்து நிற்பாள். பழைய பனியன் துணி, ஒரு கிண்ணத்தில் காய்ச்சி ஆறிய தண்ணீர். தமயந்தி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். மற்ற நாட்களில் நடைவழியில் நின்று மணிக்கணக்கில் பேசித் தீர்க்கிறவர்கள்தான் இருவரும். வியாழக்கிழமை எட்டு மணிக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை.

ஜன்னலோர நாற்காலியில் தமயந்தியின் கணவன் மாணிக்கராசு உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பக்கத்தில், தேங்காய் நார் சுற்றிய கம்பத்தைப் பற்றிக்கொண்டு கூரைவரை ஏறியிருந்தது கொடி. பதினான்கு இலைகள், ஒவ்வொன்றும் முறம் அகலம், விளிம்பெல்லாம் கிழிந்து நடுவில் ஓட்டை ஓட்டையாக. ஜெரினா ஒரு கையை இலைக்கு அடியில் ஏந்தி, மறு கையால் காம்பிலிருந்து நுனிவரை மெதுவாகத் துடைப்பாள். தூசி படிந்தால் இலை மூச்சு முட்டிப்போகும். தமயந்தியின் கண் அந்தக் கையைவிட்டு நகராது.

தொட்டியில், கொடிகளை வீடுகளுக்குப் பங்கிடும் கொடியகத்தார் ஒட்டிய சீட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே, மாணிக்கராசு, வயது 41. கீழே, ரிஸ்வானா, வயது 7. ரிஸ்வானா ஜெரினாவின் மகள்.

தமயந்திக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வெளிச்சப் பலகைமேல் ஓடும் துணியில் ஓட்டை தேடுவதுதான் அவள் பிழைப்பு. அங்கே ஓட்டை என்றால் துணி கழிவுக்குப் போகும். வீட்டிலோ ஓட்டை விழாத இலையில் மருந்து சொட்டாது. புதிதாகச் சுருள் விரியும் ஒவ்வோர் இலையிலும் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று அவள் எண்ணிப் பார்த்த பார்வையைக் கம்பெனி முதலாளி பார்த்திருந்தால் சம்பளத்தை இரட்டிப்பாக்கியிருப்பார்.

விறைநோய் திருப்பூருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. விரலில் தொடங்கும், தோளுக்கு ஏறும், கழுத்துக்கு வரும், கடைசியில் நெஞ்சுக்கூட்டைப் பிடிக்கும். அதற்கு மருந்து இருந்தது. ஆனால் அந்த மருந்து பாட்டிலில் அடைத்தால் ஒரு மணி நேரத்தில் செத்துப்போகும். விடியற்காலையில் மருந்துக்கொடியின் இலை நுனியில் ஊறி நிற்கும் சொட்டை, பிறந்த சூட்டோடு நாக்கில் விட்டால்தான் வேலை செய்யும். அதனால் மருந்துக்கடைக்குப் பதிலாக வீட்டுக்குள் கொடி. பெரியவர்களுக்கு நாளுக்கு இருபது சொட்டு. குழந்தைகளுக்கு ஏழு போதும்.

கொடிகள் கொஞ்சம், நோயாளிகள் நிறைய. வெட்டி நட்டுப் பெருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தலைக்கொழுந்து இருக்கும் துண்டு மட்டுமே பிழைக்கும்படி அதைச் செய்தவர்கள் செய்திருந்தார்கள், மற்றக் கணுக்கள் எல்லாம் மலடு. ஆகவே ஒரு கொடிக்கு ஒரு நோயாளி. அவர் போனால், அடுத்த பெயருக்குக் கொடி போகும். காத்திருப்பவர் வீட்டார் வாரம் ஒரு நாள் வந்து இலை துடைக்க வேண்டும். கொடியைக் கவனிக்கும் பழக்கம் வேண்டுமே என்று கொடியகம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. கொடியகம் போடாத சட்டம் ஒன்றை ஜனங்களே போட்டுக்கொண்டார்கள். துடைக்க வந்தவர், அந்த வீட்டு நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஜெரினா மூன்று வருஷமாக ஒரு வியாழக்கிழமைகூடக் கேட்டதில்லை. தமயந்தி கம்பெனிக்குப் போகும் பகல் வேளைகளில், கொடி கிடைப்பதற்கு முன்பே கை மரத்துப்போயிருந்த மாணிக்கராசுவுக்குக் கஞ்சி புகட்டுவதும் வாய் துடைத்துவிடுவதும் அவள்தான். அப்படிப்பட்டவள் கையைத்தான் தமயந்தி வாரம் ஒரு நாள் திருடன் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காக வெட்கமும் பட்டாள். பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

மூன்று வருஷமாக விரல் நுனியோடு நின்றிருந்த நோய் போன ஆடியில் முற்றி, ரிஸ்வானாவின் விரல்கள் பென்சிலைப் பிடிக்க மறுத்தன. குழந்தை பென்சிலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டிப் பூ வரைந்து, "பெரிம்மா, பாருங்க" என்று காட்டியது. அடுத்த நாள் விடியலில் தமயந்தி இரண்டு கரண்டிகளை எடுத்துக்கொண்டாள். கொடி அன்றைக்கு இருபத்திரண்டு சொட்டுக் கொடுத்தது. இருபது கணவனுக்கு, இரண்டு குழந்தைக்கு.

இரண்டு சொட்டு எந்த மூலைக்கு? தண்ணீர் அதிகம் குடித்த கொடி அதிகம் சொட்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மண்ணுக்குள் ஈரமானியின் ஊசி இருந்தது. வேருக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை அது கொடியகத்துக்குச் சொல்லிவிடும். தமயந்தி ஊசியைப் பிடுங்கி, தொட்டிக்குப் பின்னால், சுவரோரம், நார்த்தூள் நிரப்பிய ஒரு கொட்டாங்கச்சியில் செருகினாள். மண் காய்ந்தால் மஞ்சளாக எரியும் அதன் விளக்கு மட்டும் பழையபடி தொட்டி விளிம்பிலேயே இருந்தது. பிறகு தினம் ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாக ஊற்றினாள். ஒரே வாரத்தில் சொட்டு இருபத்தேழு ஆனது. ரிஸ்வானா பென்சிலை விரலால் பிடித்தாள். தமயந்திக்குக் கல்யாணமான நாளில்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

ஐப்பசியில் அடி இலை ஒன்று மஞ்சளானது. வயசான இலை, போகட்டும் என்றிருந்தாள். அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் சொட்டு பதினொன்றுதான் வந்தது. தொட்டியிலிருந்து ஊசல் வாடை அடித்தது. அவள் ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

இரண்டு பேரும் தரையில் பழைய போர்வையை விரித்துத் தொட்டியைச் சாய்த்தார்கள். வேர் என்று வெளியே வந்தது பழுப்பு நிறத்தில் கூழாக இருந்தது. ஜெரினா விரலால் தொட்டதும் தோல் உருவிக்கொண்டு வந்தது. மண்ணைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகியது. ஒரு டம்ளருக்கு இத்தனை ஈரமா என்று தமயந்தி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

ஜெரினா தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் ஊத்தினேங்க்கா."

தமயந்தி கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டாள்.

"எம் புள்ளைக்கு நீங்க குடுக்கறது அண்ணன் பங்குல எடுத்ததுன்னுதான் நெனச்சேன். அதுக்கு ஈடா இருக்கட்டும்னு, பகல்ல நீங்க இல்லாதப்ப ரெண்டு டம்ளர் ஊத்துவேன். விளக்கு மஞ்சளா இருந்தா மட்டுந்தாங்க்கா. காஞ்சு கெடக்குதுன்னுதான அது காட்டுச்சு?"

விளக்கு காட்டியது கொட்டாங்கச்சியின் ஈரத்தை. அதற்கு ஒரு கரண்டி தண்ணீர் தெளிக்க தமயந்தி பாதி நாள் மறந்துபோவாள். மறந்த நாளெல்லாம் மஞ்சள். தமயந்தி எழுந்து சுவரோரத்திலிருந்து அந்தக் கொட்டாங்கச்சியை எடுத்து வந்து ஜெரினாவின் முன்னால் வைத்தாள். ஒருத்தி மறைத்ததை நம்பி இன்னொருத்தி மறைவாக ஊற்றியிருக்கிறாள். இரண்டு பேருடைய நல்ல மனசும் சேர்ந்து அந்தக் கொடியை மூழ்கடித்துவிட்டது. ஜெரினா திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கொட்டாங்கச்சியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தாள்.

கத்தியை அடுப்பில் காட்டி, அழுகல் ஏறாத இடமாகப் பார்த்துக் கொடியை வெட்டினார்கள். அழுகல் நினைத்ததைவிட மேலே ஏறியிருந்தது. மிஞ்சியது தலைக்கொழுந்தும், மூன்று இலைகளும், காற்றில் தொங்கிய இரண்டு வெள்ளை வேர்களும். வெட்டுவாயில் மஞ்சள் தூள் அப்பி, உலர்ந்த நாரில் நட்டு, ஈரமானியின் ஊசியைத் தமயந்தியே அதன் சரியான இடத்தில் குத்தினாள்.

மறுநாள் விடியலில் மூன்று இலைகளிலுமாக ஏழு சொட்டு நின்றது.

ஏழு சொட்டு குழந்தையை ஓடியாட வைக்கும். பெரியவர்களுக்கு ஏழு சொட்டு நெஞ்சுக்கூட்டை மட்டும் பிடித்து நிறுத்தும். கை கால் கழுத்தெல்லாம் மரமாகிவிடும், ஆனாலும் மூச்சு ஓடும். அதுவும் இல்லாவிட்டால் மூன்று மாதம்தான் உயிர். புது இலை சுருள் விரிந்து, ஓட்டை விழுந்து, சொட்டத் தொடங்க ஐந்து மாதமாவது ஆகும். இந்தக் கணக்கு அந்த நடைவழியில் இருந்த எல்லாருக்கும் மனப்பாடம்.

தமயந்தி கரண்டியைக் கணவன் வாயில் சாய்த்தாள். இரண்டாம் நாளும் சாய்த்தாள். மூன்றாம் நாளும். ஜெரினா கேட்க வரவில்லை. கஞ்சி புகட்டும் நேரத்துக்கு வந்தாள், புகட்டினாள், போனாள். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தமயந்தி சண்டை போட்டிருப்பாள், அந்தச் சண்டையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பாள்.

ஐந்தாம் நாள் மாணிக்கராசு உதட்டைத் திறக்கவில்லை. நாக்கு தடித்துப் போயிருந்ததால் அவன் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"அம்மிணி, இந்த ஏழு சொட்டுல நான் மூச்சு விடுவேன். அவ்வளவுதான். அந்தப் புள்ள ஓடும்."

"நீங்க மூச்சு விட்டாப் போதுமுங்க எனக்கு."

"எனக்குப் போதாதே."

சொட்டு செத்துவிடும், வாயைத் திறங்க என்று அவள் கெஞ்சினாள். தாடையைப் பிடித்து அழுத்தக்கூடப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். உடம்பில் அவன் சொன்னபடி கேட்கிற இடம் அந்த இமைகளும் உதடுகளும்தான், அவற்றை அவன் அவளுக்கு எதிராகவே வைத்துக்கொண்டான். ஒரு மணி நேரம் போனது. கரண்டியில் இருந்தது வெறும் தண்ணீராகிவிட்டது. தமயந்தி அதைத் தானே குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள்.

கொடியகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். இலைநோய் என்று தமயந்தி சொன்னதை நம்பினாரோ, நம்பியதுபோல் எழுதிக்கொண்டாரோ, தெரியவில்லை. மாணிக்கராசுவின் விரல் படிவத்தில் பதியவில்லை. கருவிழியைப் பதிவுசெய்து விட்டுக்கொடுப்பை ஏற்றுக்கொண்டார். உயிரோடு இருக்கும்போதே கொடியை விட்டுக்கொடுத்தவர் அதே கொடிக்கு அடுத்த ஆள் என்பது விதி. பழைய சீட்டைக் கிழித்துப் புதுச் சீட்டு ஒட்டினார். அதில் மேலே ரிஸ்வானா, கீழே மாணிக்கராசு. தொட்டியை ஜெரினாவும் தமயந்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடைவழியைத் தாண்டித் தூக்கிப்போனார்கள். எட்டே அடி தூரம்.

கிளம்பும்போது ஆய்வாளர் தமயந்தியிடம் ஒரு தாளைக் கொடுத்தார். வாரம் ஒரு நாள் இலை துடைக்க வேண்டும், எந்த நாள் வசதி என்று அதில் கேட்டிருந்தது. அவள் வியாழக்கிழமை என்று எழுதினாள்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் தோன்றவில்லை. துடைத்தாள், வந்தாள். மாணிக்கராசுவின் தோளும் கழுத்தும் இன்னும் இறுகின. எதிர்வீட்டில் ரிஸ்வானா கயிறு தாண்டும் சத்தம் பகலெல்லாம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் உதடு லேசாக விரியும். சிரிக்கிறான் என்று தமயந்திக்கு மட்டும் தெரியும். ஆறாம் வாரத்தில் அவன் மூச்சில் ஒரு கரகரப்பு சேர்ந்துகொண்டது.

மறுநாள் வியாழக்கிழமை. தமயந்தி பனியன் துணியும் கிண்ணமுமாக எதிர்வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றாள். ஜெரினா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். மூன்று இலைகளுக்கு மேலே புதுக் குருத்து ஒன்று சுருட்டிய பாய்போல் நின்றது. தமயந்தி ஒரு கையை இலைக்கு அடியில் ஏந்தி, மறு கையால் காம்பிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.

உள் அறையில் ரிஸ்வானா இருமினாள்.

சாதாரண இருமல்தான். மார்கழிப் பனிக்கு எல்லாக் குழந்தைகளும் இருமுகிற இருமல். திரும்பவும் இருமினாள், இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. தமயந்தியின் கை இலைமேல் நின்றுவிட்டது. இன்னொரு தடவை வருகிறதா என்று அவள் காது அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாப்பா எப்படி இருக்கிறாள் என்ற கேள்வி அவள் தொண்டைவரை வந்தது. அதைக் கேட்க விரும்பியது அக்கறையினால் இல்லை என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பூ வரைந்து காட்டிய குழந்தை அது. பெரிம்மா என்று கூப்பிட்ட குழந்தை. உடம்பெல்லாம் கூசியது அவளுக்கு. ஆனாலும் காது திரும்பி வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். ஜெரினா கதவோரம் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமயந்தி துணியை நனைத்துப் பிழிந்தாள். இன்னும் இரண்டு இலைகள் பாக்கி இருந்தன.