நனைக்காத சொட்டு

விளக்கேற்றும் நேரத்தில் சொட்டத் தொடங்கியது. தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம், மகள் படுத்திருந்த கட்டிலருகே, கனமான ஏதோ விழுந்து உருண்டு போவதுபோல. ஒழுகலுக்கு வாளி வைக்கப் போனவள் குனிந்து தரையைத் தடவினாள். ஈரமில்லை.

அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆளுயரத் தடுப்பு மட்டும்தான். கூரை ஒன்றே. தடுப்புக்கு அப்பால் கணவன், பாதரசமும் தங்கமும் சேர்ந்த உருண்டையை இரும்புச் சட்டியில் காய்ச்சிக்கொண்டிருந்தான். பாதரசம் ஆவியாகப் போய்விட்டால் தங்கம் தங்கும். ஆவியை வெளியே விடாமல் குளிரவைத்துப் பிடிக்கும் மூடிக்குப்பியைத் தங்கம் அரிப்பவர்கள் சங்கத்தில் கொடுத்திருந்தார்கள். அது பரணில் கிடந்தது.

"குப்பியில போட்டுக் காய்ச்சுங்க. இல்ல வெளிய கொண்டு போங்க."

"இந்த மழையிலயா? குப்பி ஆறுறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்." சிரித்தான். "புகை மேலதானே போகுது. உன் தலையிலயா உக்காருது?"

சட்டியைப் பிடித்த கை நடுங்கியது. கொஞ்ச காலமாகவே அப்படித்தான். தண்ணீர் குடித்தால் டம்ளர் பல்லில் தட்டும். குளிர் என்பான், வெயிலிலும்.

மேலதானே போகுது.

விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். கரி படிந்த தகரத்தின் அடியில், மரச்சட்டத்தின் ஓரமெல்லாம், கொத்துக் கொத்தாக வெள்ளிப் பொட்டுகள். இமைக்காத கண்கள்போல. மழை ஓங்கி அடிக்க, கூரை அதிர, ஒன்றையொன்று விழுங்கின. பெருத்தன. பெருத்தது விழுந்தது.

கட்டிலின் தலைமாட்டில்.

தலையணையைப் புரட்டினாள். மடிப்பில் மின்னியது. போர்வையிலும். மகளின் தலைமுடியிலும். முடியை ஒதுக்கினாள். காதில் தங்கத் தோடு.

வெள்ளையாக இருந்தது.

"ஏங்க, அடுப்பை அணைங்க! பாப்பா தோடு வெளுத்துப் போச்சு."

"அவ்வளவுதானா? கழட்டிக் குடு. நெருப்புல காட்டினா பழைய நிறம் வந்துடும்."

அடுப்பு அணையவில்லை. சட்டி சீறியது.

தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இப்போதே. மழையிலேயே.

அவள் தொட்டதும் மகள் எழுந்து உட்கார்ந்தாள். தூங்கியிருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, மெல்ல விரித்துக் காட்டினாள். உள்ளங்கை நிறைய முத்துகள். விழுந்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்திருக்கிறாள். இன்று விழுந்தது மட்டும் அத்தனை இருக்காது.

விளக்கொளியில் அவை நடுங்கின. நிற்கவே இல்லை.

"அம்மா, நான் சும்மாதான் வச்சிருக்கேன். இது ஏன் ஆடிக்கிட்டே இருக்கு?"