சூனியக்காரியின் வலது கை

ஹாஜிரா பீ டீயை இடக்கையால் நீட்டியபோதே யாசிருக்கு என்னவோ போலிருந்தது. அந்த வீட்டில் யாரும் யாருக்கும் இடக்கையால் எதையும் கொடுத்து அவன் பார்த்ததில்லை. அவருடைய வலக்கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

"கையில இன்னா சாச்சி?"

"தெரில பேட்டா. காலையிலேர்ந்து ஒரே நோவு. மரத்துப்போன மாதிரி கீது."

காலையில்தான் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்திருந்தது. அது அவன் மடியில் கனத்தது.

ஹாஜிரா பீயின் கணவர் வலியுல்லா வாழ்நாளெல்லாம் வாளும் மாயமந்திரமுமாகக் கதை எழுதியவர். கடைசித் தொகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு இறந்துபோனார். மீதியை முடிக்கும் வேலை யாசிருக்கு வந்தது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்திலிருந்த இதே மாடி அறையில், பெரியவரின் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, ஹாஜிரா பீ வைத்துவிட்டுப் போகும் டீயைக் குடித்துக்கொண்டே எழுதி முடித்தான்.

பெரியவர் எந்தக் கதையிலும் சூனியக்காரிக்கு உருவம் கொடுத்ததில்லை. "ஒரு அடையாளம் வேணும் சார்" என்றார் பதிப்பாளர் வெள்ளைத்துரை. அன்று நிமிர்ந்தவன் கண்ணில் டீ வைத்த ஹாஜிரா பீயின் வலக்கை பட்டது. எப்போதோ கதவிடுக்கில் நசுங்கிக் கோணிப்போன சுண்டுவிரல், நீலக்கல் மோதிரம், நரம்பு புடைத்த தோல். அப்படியே எழுதினான். பேய்க்கை என்று எழுதினான். கடைசிக் கதையில் நாயகன் அதை மணிக்கட்டோடு வெட்டி எறிவதை ரசித்து ரசித்து எழுதினான். அது யாருடைய கை என்று வெள்ளைத்துரையிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தான். ஹாஜிரா பீக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியம். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசியது.

"படி பேட்டா" என்றார் ஹாஜிரா பீ. "அவரு சாயங்காலம் மஃரிப் தொழுதுட்டு வந்து எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. படிச்சு முடிச்சு, காயிதத்து மேல ஓதி ஊதுவாரு. அப்புறந்தான் அச்சுக்குப் போவும். கதையில கீறது கதைக்குள்ளயே அடங்கணும்னு சொல்வாரு."

முன்பே ஒருமுறை சொன்னதுதான். அன்று யாசிர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். படித்துக் காட்டாமலே அனுப்பிவிட்டான்.

கடைசிக் கதையைப் படிக்க ஆரம்பித்தான். கீழே ஆட்டோக்கள் உறுமிக்கொண்டு போயின. மசூதித் தெருவின் அத்தர் வாசனையும் டீயின் ஏலக்காய் வாசனையும் கலந்து வந்து, மெல்ல மெல்ல அவற்றுக்கடியில் நனைந்த இரும்பின் வாடை ஒன்று ஏறிக்கொண்டே வந்தது. வெட்டும் இடம் வந்ததும் ஒரு தாளைத் தள்ளிப் படித்தான்.

"நடுவுல ஏதோ உட்டுட்டியே பேட்டா."

"இல்ல சாச்சி."

மின்விசிறிக் காற்றில் தாள் திரும்பி அதே இடத்துக்கு வந்தது. மறுபடி தள்ளினான். மறுபடி வந்தது. எதிரே காலி நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ கேட்பதற்காக முன்னால் சாய்வதுபோல.

படித்துவிட்டால் போதும். படித்து, மன்னிப்புக் கேட்டு, ஊதிவிட்டால் போதும். அது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வரிகளை இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு படிக்க வேண்டும்.

புத்தகத்தை மூடினான்.

"அவ்ளோதான் சாச்சி. கதை முடிஞ்சுது."

மின்விசிறி நின்றது. விளக்கும் போனது.

சொட்.

தரையில் ஏதோ சொட்டியது.

சொட். சொட்.

"பேட்டா" என்றார் ஹாஜிரா பீ. குரலில் கோபமில்லை. வருத்தம்கூட இல்லை. "இப்ப நோவே இல்ல. கையே தெரியல."

விளக்கு வந்தது. துப்பட்டா சரிந்து கிடந்தது. மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை. ஹாஜிரா பீ குனிந்து, புரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாசிரின் மடி சூடாக நனைந்தது.

மூடிய புத்தகம் உள்ளிருந்து திறந்தது. நீலக்கல் மோதிரம் மின்னியது. கோணிய சுண்டுவிரல் தாளில் ஊர்ந்துபோய், அவன் விட்டுவிட்ட முதல் வரியின் கீழ் நின்று, படிப்பதற்காகக் காத்திருந்தது.