கடத்தப்பட்ட ஓட்டு

போன் அலறியபோது இன்ஸ்பெக்டர் நாகஜோதி அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள்.

"மேடம்... எங்க கமிட்டி மெம்பரைக் கடத்திட்டாங்க."

"நீங்க யாரு?"

"விக்னேஷ்குமார். வெல்க்ரோனா கம்பெனி மேனேஜர். மூணு மணிக்கு ஆன்லைன்ல ஜெனீவா மீட்டிங்கு மேடம். இளவேனில் சாரக் காணோம்."

டிபன் பாக்ஸ் ஏக்கத்தோடு மூடிக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டு லாட்ஜில், அந்த அறையில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. மூக்குக்கண்ணாடி நொறுங்கியிருந்தது.

தலையணையில்... சிவப்பாய் ஒரு கறை.

"ரத்தம்..." விக்னேஷ்குமார் கத்தினான்.

நாகஜோதி குனிந்தாள். முகர்ந்தாள்.

"பீட்ரூட். நல்லெண்ணெயில தாளிச்சிருக்கு."

லாட்ஜ் மேனேஜர் சேக் பரீது தொண்டையைச் செருமினார்.

"அகரத்துலருந்து லூர்தம்மா வந்துச்சு மேடம். முருங்கை விவசாய சங்கத் தலைவி. சாருக்குச் சோறும் வெஞ்சனமும் கொண்டாந்துச்சு."

"போகையில?"

"சாரையும் கொண்டு போயிருச்சு."

ஜீப் அகரத்தை நோக்கிப் பறந்தது.

"அப்படி என்னங்க மீட்டிங்கு?"

"முருங்கை இலைய இனிமே மிஷின்லதான் காயவைக்கணும்னு உலகம் பூராவுக்கும் விதி வருது. இன்னைக்கு ஓட்டெடுப்பு."

"மிஷின் யாரு விக்கிறா?"

"எங்க கம்பெனி."

"விதிய யாரு எழுதுனா?"

"சர்வதேசக் கமிட்டி."

"கமிட்டிக்கு யாரு செலவு பண்றா?"

விக்னேஷ்குமார் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"இலைய நெழல்ல ஒணத்துற அகரத்துக்காரங்க கதி?"

"ஏற்றுமதி பண்ண முடியாது. விவசாயிங்க சார்புல, முருங்கை ஆராய்ச்சி லேப் நடத்துற இளவேனில் சார் ஒருத்தர்தான் மெம்பர். அவரு இல்லாம ஓட்டெடுப்பு நடக்காது."

நாகஜோதிக்கு விளங்கிவிட்டது. லூர்தம்மாளுக்குக் காரணம் இருக்கிறது... பலமாகவே இருக்கிறது.

அகரத்தில், கொட்டகை முழுக்கப் பச்சைப் பசேலென்று இலை காய்ந்துகொண்டிருந்தது. லூர்தம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள யாருமில்லம்மா."

உள்ளே யாரோ விக்கினார்கள்.

நாகஜோதி அவளை விலக்கிக்கொண்டு நுழைந்தாள்.

இளவேனிலின் இடது கை தூணில் கட்டப்பட்டிருந்தது. வலது கை ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

"யாரு சார் உங்களைக் கடத்துனது?"

"நானேதான் கடத்தச் சொன்னேன்."

அவர் சிரிக்கவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார்.

"என் லேப்பே அந்தக் கம்பெனி காசுலதான் ஓடுது மேடம். வேண்டாம்னு ஓட்டுப் போட்டா, லேப்புல என்னை நம்பி வேலை பாக்குற அம்புட்டுப் பிள்ளைகளும் தெருவுக்கு வந்துரும். சரின்னு போட்டா இந்த ஊரு போயிரும். கடத்தப்பட்டவனை மட்டுந்தான் யாரும் கேள்வி கேக்க முடியாது."

"நான்தேன் கட்டுனேன்" என்றாள் லூர்தம்மாள். "பிடிக்கிறதுன்னா என்னையப் பிடிங்க."

லேப்டாப்போடு விக்னேஷ்குமார் உள்ளே பாய்ந்தான். சட்டைப் பையிலிருந்த போனில் யாரோ இங்கிலீஷில் அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், டைம் இருக்கு. இப்பவே கனெக்ட் பண்றேன்."

நாகஜோதி ஒரு கணம் நின்றாள். நேற்றுவரை இப்படியொரு கமிட்டி இருப்பதே அவளுக்குத் தெரியாது. எங்கோ நாலு பேர் கை தூக்கினால் இந்தக் கொட்டகை காலியாகும். குறுக்கே போனால் தன் வேலைக்கே வேட்டு வரலாம்.

லேப்டாப்பை மூடினாள்.

"இவரு கடத்தப்பட்டவரு. மொதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் மாஜிஸ்திரேட்டுக்கிட்ட வாக்குமூலம். அதுவரைக்கும் யாரோடவும் பேசக் கூடாது."

"மேடம், உலகமே காத்துக்கிட்டு இருக்கு!"

"இருக்கட்டும். ஓ.பி. சீட்டுக்கு நாங்களும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் செய்தி வந்தது.

ஓட்டெடுப்பு தள்ளிவைப்பு.

விக்னேஷ்குமார் போனை அணைத்தான். பெஞ்சில் சரிந்தான். பிறகு, நாகஜோதியைப் பார்த்துக் கைகூப்பினான்.

"ரொம்ப நன்றி மேடம்."

அவள் புருவம் உயர்ந்தது.

"கடத்துற ஐடியா யாருது?"

இளவேனில் மோவாயால் அவனைக் காட்டினார்.

"எங்கப்பாவும் கன்னிவாடியில முருங்கைதான் போட்டிருக்காரு" என்றான் விக்னேஷ்குமார். "போலீசுக்குப் போகலைன்னா கம்பெனி என்னையச் சந்தேகப்படும். நாற்காலியக் கவுத்ததும் கண்ணாடிய நொறுக்குனதும் நான்தான். அவங்க போன்ல லைன்லயே இருந்தாங்க... அதான் அம்புட்டுக் கத்துனேன். நீங்க இம்புட்டுச் சீக்கிரம் கண்டுபிடிப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல."

பொய்ப் புகார். உள்ளே தள்ளலாம். நாகஜோதி தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த ஓட்டெடுப்பு எப்ப?"

"அடுத்த வருசம்."

"அப்ப நத்தம் பக்கமாப் போயிக் கடத்தப்படுங்க சார். அது என் லிமிட்டு இல்ல."