ஊஞ்சல் கட்ட ஒரு டயர்

டெலிபோன் அலறியது!

புவனா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தாள்.

"அம்மணி... கணபதி ஏரியாவுல டயர் கடை வெச்சிருக்கிற நசுருதீனுங்க. சார் இருக்காருங்களா?"

"மாலை வாங்கக் காந்திபுரம் போயிருக்காருங்க பாய். இன்னிக்கு மருதமலையில புது வண்டிக்குப் பூஜை."

எதிர்முனையில் தயக்கமாக ஒரு செருமல்.

"என்னங்க பாய்?"

"தப்பா நெனைக்காதீங்க... நேத்து சார் கடைக்கு வந்தாருங்க. வெட்டு உழுந்த பழைய டயர் ஒண்ணு கேட்டாரு. குழந்தைக்கு ஊஞ்சல் கட்டோணும்னாரு..."

புவனா ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

அந்த வீட்டில் குழந்தையே இல்லை!

"அதுவும் உங்க புது மாருதி அளவுலயே வேணும்னாருங்க. ஊஞ்சலுக்கு எதுக்குங்க அளவு? எனக்குத் தூக்கமே வரலீங்க!"

"லைன்லயே இருங்க."

போர்ட்டிகோவுக்கு ஓடினாள்.

முன்பக்க இடது சக்கரம். நட்டுகளில் புதுக் கீறல்கள். டயரில் பளபளவென்று கறுப்பு பாலிஷ். குனிந்து உட்புறத்தைத் தடவினாள்.

விரல் நுனி ஒரு பிளவுக்குள் போனது...

போன ஞாயிறு புது வண்டியோடு இருவரும் நசுருதீன் கடைக்குப் போனது நினைவுக்கு வந்தது. டயர் வெட்டுப்பட்டாலும் வெடித்தாலும் ஒரு வருடத்துக்குப் புது டயர் தரும் கேரண்டியை நசுருதீன் விளக்க, அவள் ஆசையாகக் கேட்டாள். கணவன் சென்னகேசவன் சிரித்தான்.

"ஒரு வருஷமா? அவ்வளவு நாளைக்கு எதுக்கு?"

அவளும் சிரித்தாள். அவன் சொன்னது புரிவதற்கு முன்பே சிரித்துவிடும் பழக்கம் அவளுக்கு. மதுக்கரையில் அவனுக்கு இன்னொரு வீடு இருப்பது தெரிந்தும் அவள் கேட்டதில்லை. கேட்காததைப் பொறுமை என்று நினைத்திருந்தாள்.

அது பொறுமை இல்லை. பயம்.

விசித்திரம்... இப்போது அந்தப் பயத்தைத் தேடினாள். காணவில்லை!

திரும்பி வந்து, டெலிபோனில் தணிந்த குரலில் பேசினாள்.

சென்னகேசவன் மாலையோடு வந்தான். நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தான்.

"நீ ஓட்டிட்டுப் போ கண்ணு. எனக்கு மில்லுல ஒரு ஜோலி. டவுன் பஸ்ஸுல வந்தர்றேன்."

கண்ணு! கல்யாணமானதிலிருந்து முதல் முறை.

"அதெப்படிங்க!" வாசலில் ஒரு குரல். பக்கத்து வீட்டு முத்தாத்தாள். மகளிர் போலீஸில் ஏட்டு. இன்று பட்டுப்புடவையில்.

"புது வண்டியில ஜோடியாத்தானுங்க முதல்ல போகோணும். அம்மணி கூப்பிட்டுச்சு, நானும் வாரேன். ஏறுங்க!"

"இல்லீங்க, மில்லுல..."

"மில்லு எங்கியும் ஓடிப் போயிராதுங்க!"

தெருவே பார்த்தது. மறுத்தால் என்ன நினைப்பார்கள்? அசட்டுச் சிரிப்போடு ஏறினான்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

மலைப்பாதை. முதல் வளைவு. கீழே பள்ளம் வாய் பிளந்து காத்திருந்தது.

"மெதுவா, புவனா..."

"ஏனுங்க, புது வண்டி, புது டயரு... என்ன பயம்?"

ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். அவன் சட்டை வியர்வையில் நனைந்தது.

"வேண்டாம்..."

அடுத்த வளைவு. டயர்கள் கிறீச்சிட்டன!

"நிறுத்துடி! முன் டயரு வெட்டுன டயருடி! நாந்தான் மாட்டுனேன்! மூணு பேரும் சாகப் போறோம்!"

பிரேக்!

கார் குலுங்கி நின்றது. பின்சீட்டிலிருந்து ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பற்றியது.

"இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள் முத்தாத்தாள் மரியாதையாக. "காதுல சரியா உழுகலீங்க."

சென்னகேசவன் வெளிறிய முகத்தோடு மனைவியைப் பார்த்தான்.

"டயரு... வெடிக்கலியே?"

"நீங்க மாலை வாங்கப் போனப்பவே பாய் வந்து மாத்திப்போட்டாருங்க. வெட்டுன டயர் டிக்கியில பத்திரமா இருக்குது."

"அப்ப... இது?"

"புதுசு. ஒரு வருஷம் கேரண்டி."

புவனா சிரித்தாள். இந்த முறை, புரிந்துகொண்ட பிறகு.

"நீங்க ஜெயில்ல இருந்து வர்றதுக்குள்ள அது தீந்துபோயிருமுங்க!"